காதுக் காணிக்கை

அந்த அக்கா வியாபாரத்தில் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் துணித் தொப்பி விற்பார். மலையில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள்தான் வாடிக்கை. "சாயம் போவுமா?" என்று கேட்டால், "போவும். ஒரே தண்ணிக்குப் போவும். தொவைக்காத போட்டுக்க" என்பார். "எங்க மாமாவுக்குச் சரியா இருக்குமா?" என்று கேட்டால் மாமாவின் தலையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இருக்காது. மண்டை பெருசு. பக்கத்து வண்டில கேளு" என்பார். இந்தம்மா எப்படித்தான் பிழைக்கப்போகிறதோ என்று பக்கத்து வண்டிக்காரர் கவலைப்படுவார். நானும் பட்டேன். கவலைப்படுவதற்கு எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் யாருக்காவது எதையாவது சும்மா கொடுக்க வேண்டும், அல்லது யாரையாவது கொடுக்க வைக்க வேண்டும் என்று வந்துவிட்டால், அந்த அக்காவின் வாயிலிருந்து ஒரு உண்மை வந்து நான் கேட்டதே இல்லை.

என் மகள் பவித்ராவால்தான் எனக்கு அவரைத் தெரியும். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயதில், அரசாங்கத் திட்டத்தில் ஆபரேஷன் செய்து தலைக்குள் ஒரு கருவி வைத்தார்கள். வெளியே காதில் ஒரு மிஷின் மாட்ட வேண்டும். அதிலிருந்து ஒரு ஒயர் போய், பெரிய பட்டன் அளவுக்கு ஒரு வட்டம் காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். "மாட்டினா கேக்கும், எடுத்தா கேக்காது. அவ்வளவுதான்" என்றார் டாக்டர். அவ்வளவுதான் என்று யார் சொன்னாலும் எனக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

மிஷினை மாட்டிவிட்டால் பேச்சு வந்துவிடாது. கேட்டுக் கேட்டுத்தான் வர வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இரண்டு அறை வைத்து, நாலு பேர் கொடுக்கிற உதவியில் அதற்கு இலவசமாகப் பயிற்சி கொடுத்தார்கள். வாரத்தில் மூன்று நாள். வீடு எங்களுக்குச் சித்தூர் தாண்டி, குடிபாலாவில். என் மனைவி சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனிக்குப் போகிறவள், லீவு கிடைக்காது. நான் சித்தூர் வெல்ல மண்டியில் மூட்டை தைக்கிறவன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனாலும் முதலாளி சேர்த்துக்கொள்வார். அதனால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிற வேலை எனக்கு வந்தது. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ்.

அந்த நான்கு பஸ்ஸிலும் என் கண் அந்த வட்டத்தின் மேலேயேதான் இருக்கும். ஒருமுறை சந்திரகிரி தாண்டியதும் குழந்தையின் தலையைப் பார்க்கிறேன், ஒயர் காதிலிருந்து ஜன்னல் பக்கம் போகிறது, வட்டத்தைக் காணோம். கத்தினேன். பஸ்ஸே நின்றது. எல்லோரும் சீட்டுக்கு அடியில் குனிந்து தேடினார்கள். கண்டக்டர்தான் கண்டுபிடித்தார். ஜன்னல் கம்பியில், என் மூக்குக்கு எதிரே, இரும்பைக் கண்ட சந்தோஷத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பவித்ரா அதைப் பிய்த்து எடுத்துத் தன் தலையில் ஒட்டிக்கொண்டு வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள். நான் மட்டும் திருப்பதி வரைக்கும் அந்த வட்டத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே போனேன்.

ஆபரேஷனுக்கு வேண்டிக்கொண்டபடி பவித்ராவுக்கு மலையில் மொட்டை போட்டோம். மறைக்க முடியில்லாமல் அந்த வட்டம் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒருவன் டீ டம்ளரோடு வந்து அவள் தலைக்கு மேலேயே குனிந்து, "ஏம்பா, இன்னா இது? புள்ளைக்கு மண்டைல பட்டன் வெச்சிக்கீறீங்க?" என்றான். நான் கையால் அந்த வட்டத்தை மறைக்கப் பார்த்தேன். தொப்பி வண்டியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அதுவா? அது வயர்லெஸ் செட்டு. நேரா கலெக்டர் ஆபீசுக்குப் பேசும். நீ இப்ப பேசினது அத்தினியும் அங்க கேட்டுக்கினு கீறாங்க."

அவன் பவித்ராவின் தலையைப் பார்த்தான். பிறகு அந்தத் தலையைப் பார்த்தே, "நான் ஒண்ணும் தப்பா சொல்லலீங்க" என்று சொல்லிவிட்டு டம்ளரோடு போய்விட்டான். டீக்கடைக்காரர் டம்ளருக்காகப் பின்னாலேயே ஓடினார்.

அடுத்த தடவை அந்தப் பக்கம் போனபோது அக்கா கூப்பிட்டு ஒரு ஆரஞ்சு நிறத் தொப்பியைப் பவித்ராவின் தலையில் மாட்டினார். பணம் எவ்வளவு என்றேன்.

"இதுக்கு யாரு பணம் குடுப்பான்? எலி கடிச்சது."

ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் எனக்கு எலிக் காய்ச்சல் பயம். வீட்டில் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோம். வலது பக்கத்தில் ஒரு ஓட்டை இருந்தது உண்மைதான். மிஷின் ஒயர் நுழைய வேண்டிய இடத்தில், ஒயர் நுழைகிற அளவுக்கு, பட்டன் காஜா மாதிரி சுற்றிலும் நெருக்கமாக நூல் போட்டுத் தைத்த ஓட்டை. நான் கோணி தைக்கிறவன், எனக்குத் தையல் தெரியாதா? வியாழக்கிழமை போய்க் கேட்டேன்.

"அக்கா, எலி காஜா எடுக்குமா?"

"குடிபாலா எலி எடுக்காது. திருப்பதி எலி எடுக்கும். போ, வெயில்ல நிக்காத."

இப்படித்தான். பயிற்சிக்கு வருகிற ஏழு குழந்தைகளுக்கும் ஆளுக்கு ஒரு பொய் வந்து சேர்ந்தது. ஒருத்திக்கு வேறு யாரோ ஆர்டர் கொடுத்து வாங்காமல் போன ஸ்வெட்டர். ஒருவனுக்கு ஜோடி மாறிவிட்ட செருப்பு. இரண்டு காலுக்கும் சரியாகவே இருந்தது. புத்தூர்ப் பக்கத்து விவசாய வீட்டு அம்மா ஒருத்தி இருந்தாள். ரோஷக்காரி. "நாங்க தர்மம் வாங்கற குடும்பம் கெடையாது" என்று எதையும் தொடமாட்டாள். மகனின் மிஷினுக்கு பேட்டரி வாங்கவே வழியில்லாதபோதும் தொடவில்லை. அவளிடம் அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இது தர்மம் இல்லம்மா, வேலை. கம்பெனிக்காரன் டெஸ்டுக்குக் குடுத்துக்கீறான். எந்த பேட்டரி எத்தினி மணி நேரம் ஓடுதுன்னு நீ நோட்டுல எழுதித் தரணும். கூலி கெடையாது, பேட்டரிதான் கூலி. முடியுமா, முடியாதா? முடியாதுன்னா வேற ஆளப் பாக்கறேன்."

அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கோடு போட்டு எழுதி, மாதா மாதம் கொண்டுவந்து கொடுத்தாள். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நோட்டை வாங்கி, விரலால் கோடு கோடாகத் தடவி, "போன மாசத்துக்கு இந்த மாசம் பரவால்ல. கம்பெனில நல்ல பேரு ஒனக்கு" என்பார். நான் பக்கத்தில் நின்று வியர்ப்பேன். நிஜமாகவே ஒரு கம்பெனிக்காரன் வந்து நோட்டைக் கேட்டால் என்ன செய்வது?

அவரிடம் அதைக் கேட்டும் பார்த்தேன். "வந்தான்னா நோட்டுதான் கீதே, எடுத்துக் குடுப்போம்" என்றார்.

அக்கா இப்போது அங்கே இல்லை. அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிற வண்டி நிற்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை போனபோது தொப்பி வண்டி இல்லை. டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன். "பெங்களூர்ல பொண்ணு வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போச்சு" என்றார். மருந்துக்கடையில், "வேலூர்ல கண் ஆபரேஷன்னு சொன்னாங்களே" என்றார்கள். என்னிடம் முந்தின சனிக்கிழமை, "நகரிக்குத் துணி எடுக்கப் போறேன், வியாழக்கெழமை வந்துடுவேன்" என்று சொல்லியிருந்தார். எத்தனையோ வியாழக்கிழமை போய்விட்டது. மூன்றில் ஒன்றாவது உண்மையாக இருக்கும் என்று மனைவி சொல்கிறாள். அவளுக்கு அக்காவை அவ்வளவாகத் தெரியாது.

எனக்கு அவரை நன்றாகத் தெரிந்துகொள்ள வாய்த்தது பேட்டரிப் பஞ்சம் வந்தபோதுதான்.

பவித்ராவின் மிஷினுக்கு மூன்று பேட்டரி வேண்டும். சட்டைப் பட்டன் மாதிரி குட்டிக் குட்டியாக இருக்கும். முழு நாளும் ஓட விட்டால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். மாடியில் டீச்சர்தான் மாதா மாதம் கொடுத்துக்கொண்டிருந்தார். புத்தூர் அம்மாவின் டெஸ்ட் பேட்டரியும் அங்கிருந்துதான் போனது. வெளியூர்ப் புண்ணியவான் ஒருவர் அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் டீச்சர் அலமாரியைத் திறந்து காட்டினார். தெலுங்குக்காரப் பெண், எங்களுக்காகத் தமிழ் கலந்து பேசுவார். "அண்ணா, ஸ்டாக்கு ஐப்போயிந்தி, தீந்துபோச்சு. அவரு நிறுத்திட்டாரு. வேற யாராவது குடுக்கற வரைக்கும் நீங்கதான் வாங்கிக்கணும்" என்றார்.

வாங்கினேன். ஆறு பேட்டரி இருக்கிற ஒரு அட்டைக்குப் பாதிக் கூலி போனது. மீதிப் பாதி பஸ்ஸுக்குப் போனது. மூன்றாவது அட்டை வாங்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. தண்ணீர் கஷ்டம் என்றால் குழாயை மூடுவதில்லையா? வகுப்பில் மட்டும் மிஷினைப் போடுவது, பஸ்ஸில் ஏறியதும் நிறுத்திவிடுவது. வீட்டில் சாயங்காலம் ஒரு மணி நேரம். பஸ் சத்தத்தையும் தெருச் சத்தத்தையும் கேட்டுக் குழந்தை என்ன செய்யப்போகிறது? ஒரு அட்டை பத்து நாள் வந்தது. நான் என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

டீச்சர் முகம் வாட ஆரம்பித்தது. மேளத்தைத் தட்டினால் உடனே திரும்புகிற குழந்தை இப்போது யோசித்துத் திரும்புகிறது என்றார். "அ" சொன்னவள் அதையும் விட்டுவிட்டாள். வீட்டில் நன்றாகத்தான் கேட்கிறாளா என்று என்னைக் கேட்டார். கேட்கிறாள் என்றேன்.

அக்காவிடம் அது செல்லவில்லை. வண்டியைத் தாண்டும்போது "பவீ" என்று கூப்பிட்டார். மூன்று தடவை கூப்பிட்டார். குழந்தை திரும்பவில்லை.

"ஏம்பா, மிஷின் தலைலதானே கீது?"

"ஆப் பண்ணி வெச்சிக்கீறேன்க்கா."

"ஏன், கரண்டு பில்லு எகிறுதா?"

சொல்லிவிட்டேன். குழாய்க் கதை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா ஒரு தொப்பியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"நீ எத்தினாவது வரைக்கும் படிச்சே?"

"எட்டாவது."

"இப்ப பேசறியே இந்தப் பேச்சு, அத்த பள்ளிக்கூடத்துலயா கத்துக்கினே?"

நான் பேசக் கற்றுக்கொண்டது தெருவிலும் பஸ்ஸிலும் சண்டை நடக்கிற இடத்திலும்தான். நான் மிச்சம் பிடித்தது பேட்டரியை இல்லை, என் மகளின் பேச்சை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிஷினைப் போட்டுவிட்டேன். போட்டதும் அடுத்த கவலை வந்தது: இந்த மூன்றும் வியாழக்கிழமை தீர்ந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் தர்மபுரிக்காரக் குடும்பம் ஒன்று தொப்பி வாங்க வந்தது. சின்னதும் பெரியதுமாக ஐந்து மொட்டைகள். ஐந்துக்கும் தொப்பி மாட்டிவிட்டு அக்கா, ஏதோ மறந்ததைக் கேட்கிற மாதிரி கேட்டார்:

"ஏம்மா, காதுக் காணிக்கை குடுத்துட்டீங்கல்ல?"

"அது என்னங்க?" என்றாள் அந்தம்மா.

"அய்ய, அத்த குடுக்காதயா எறங்கிட்டீங்க? முடி குடுத்தீங்க, சரி. வேண்டிக்கினத சாமி கேக்கணும் இல்ல? மேல எத்தினி லச்சம் பேரு நின்னு கத்தறான். காது கேக்காத கொழந்தைக்கு ஒரு அட்டை பேட்டரி வாங்கிக் குடுத்துட்டுப் போனா, உங்க கொரலு மட்டும் தனியா விழும். அதுதானே வழக்கம்?"

நான் கோபுரம் இருக்கிற திசை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்தக் குடும்பத்துப் பெரியவர் விவரமானவர். "எப்போ இருந்து இந்த வழக்கம்?" என்று கேட்டார்.

"ராஜா காலத்துல இருந்து. சந்திரகிரிக் கோட்டைல கல்லுல வெட்டி வெச்சிக்கீறாங்க."

"ராஜா காலத்துல ஏதும்மா பேட்டரி?"

என் உயிர் போய்விட்டது. அக்கா அசையவில்லை.

"அப்ப எண்ணெ. காய்ச்சின நல்லெண்ணெ, காதுக்கு ஊத்தறதுக்கு. இப்ப எண்ணெ ஊத்தக் கூடாதுன்னு டாக்டரு சொல்றாரு. அதனால பேட்டரி. சாமிக்கு ஒண்ணுதான்."

பெரியவர் தலையாட்டினார். டாக்டர் சொல்கிறார் என்றதும் அவருக்குத் திருப்தி வந்துவிட்டது. "இங்க குடுத்துடலாமா?" என்று சட்டைப்பையில் கை வைத்தார். அக்கா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் தொடக் கூடாது. மருந்துக்கடைல வாங்கி, அந்த சந்துல மாடிக்கு ஏறி, டீச்சர் கைல குடுங்க. நாங்க தொட்டா பலிக்காது." வழக்கத்திலேயே அதையும் ஒரு விதியாகச் சேர்த்துவிட்டார். தன் கை படாத காணிக்கை.

அவர்கள் போனதும் நான் அழாத குறையாகச் சொன்னேன். "அக்கா, சாமி பேர்ல பொய் சொல்றீங்களே, பாவம் இல்லையா?"

"அவரே கடன் வாங்கிக் கல்யாணம் பண்ணவரு. ஆத்திர அவசரம் தெரிஞ்சவரு. ஒண்ணும் சொல்லமாட்டாரு. நீ போய் கொழந்தைக்கு மோரு வாங்கிக் குடு."

எனக்கு மனசு ஆறவில்லை. அவர் பங்குக்கும் சேர்த்து தினமும் நானே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வழக்கம் பரவியது. ராஜா காலத்திலிருந்து இருக்கிற வழக்கம் அல்லவா! பக்கத்து வண்டிக்காரர்கள் தங்கள் பங்குக்கும் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆட்டோக்காரர்கள் நிறுத்திச் சொன்னார்கள். மாடிப்படியில் மொட்டைத் தலைகள் ஏறி இறங்கின. ஆனால் என்ன பேட்டரி என்பது எல்லோருக்கும் தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற செல் வந்தது. டார்ச் லைட் செல் வந்தது. ஒருவர் பழைய செல்போன் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, போன் இல்லாமல் ஊர் போனார். ஒரு நாள் லாரி ஓனர் ஒருவர் ஆளை வைத்துத் தூக்கிக்கொண்டு நிஜ லாரி பேட்டரியையே மாடிக்கு ஏற்றிவிட்டார். "நம்ம வேண்டுதல் கொஞ்சம் பெருசுங்க" என்றாராம். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கடைசியில் அதை இன்வெர்ட்டருக்கு மாட்டினார்கள். கரண்டு போனாலும் ஃபேன் நிற்காத ஒரே கட்டடம் அந்தச் சந்தில் அதுதான்.

ஆனால் குழந்தைகளுக்கு வேண்டிய பேட்டரி வரவில்லை. தர்மபுரிக்காரர்கள் தலைக்கு ஒன்றாகக் கொடுத்த அட்டைகளை ஏழு பேரும் பிரித்துக்கொண்டு தீர்த்தாயிற்று. நான் மறுபடி ஆப் பண்ணத் தொடங்கியிருந்தேன், அக்கா வண்டியைத் தாண்டும்போது மட்டும் ஆன் பண்ணிவிட்டு. அக்காவுக்குத் தெரிந்துதான் இருக்கும். காலி அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, நூலில் கட்டி, தொப்பிகளுக்கு நடுவில் தொங்கவிட்டார். "இத்த மாதிரி. வேற எதுவும் சாமி ஒத்துக்க மாட்டாரு" என்று அதைக் காட்டிக் காட்டிச் சொன்னார்.

அப்படிக் காட்டியதைப் பார்த்து, சரியாகப் புரிந்துகொண்டு போனவர்கள் சேலத்துப் பக்கத்துப் பெரியவரும் அவர் வீட்டம்மாவும். பெரிய பக்திமான்கள். ஒன்று இரண்டு இல்லை, நூற்றெட்டு பேட்டரி வாங்கியிருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் மூன்று கடையில் சொல்லிச் சேர்த்துக் கொடுத்தாராம். மறுநாள் காலை, நாங்கள் வகுப்பில் இருக்கும்போது, பெரிய தாம்பாளத்தில் பட்டுத் துணி மூடி ஏந்திக்கொண்டு மாடி ஏறி வந்தார்கள். வீட்டம்மா துணியை எடுத்தார்.

நூற்றெட்டும் வட்ட வட்டமாக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் வைத்து, மேலே குங்குமம் வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு வாழைப்பழம்.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அம்மா, இதுமேல ஒரு ஸ்டிக்கர் இருந்திருக்குமே?"

"ஆமாம்மா" என்றார் வீட்டம்மா. "பசை போட்ட காகிதத்தோட சாமி காரியத்துக்கு வைக்கலாமா? ராத்திரியே உட்கார்ந்து எல்லாத்தையும் உரிச்சுட்டேன். நகமே போயிடுச்சு."

இந்த பேட்டரிக்கு மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரித்தால் பொடி ஓட்டைகள் வழியாகக் காற்று உள்ளே போகும். போனதும் அது வேலை செய்ய ஆரம்பித்துவிடும். மிஷினில் போட்டாலும் போடாவிட்டாலும் நாளுக்கு நாள் தீர்ந்துகொண்டே இருக்கும். மாட்டுகிற நேரத்தில்தான் உரிக்க வேண்டும். நூற்றெட்டும் நேற்று ராத்திரியிலிருந்து தீர்ந்துகொண்டிருக்கிறது.

"ஸ்டிக்கரு எங்கம்மா? லாட்ஜ்ல கீதா? குப்பைல போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பெரியவர் லாட்ஜ் பேரையும் ரூம் நம்பரையும் சொல்லி முடிப்பதற்குள் படியில் ஓடினேன். லாட்ஜ் குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பொறுக்கி, கை நிறைய ஸ்டிக்கரோடு திரும்பி வந்து, ஒவ்வொன்றாக ஒட்ட ஆரம்பித்தேன். பன்னிரண்டு ஒட்டிவிட்டேன். டீச்சர் என் கையைப் பிடித்தார். "வேஸ்ட்டு அண்ணா. ஒரு தடவ மூச்சு விட்டுச்சுன்னா அவ்வளவுதான், திரும்ப மூட முடியாது." பெரியவர் ஒன்றும் புரியாமல் என்னை ரொம்ப மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பூஜையில் ஏதோ மீதியைச் செய்து முடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

விஷயம் தெரிந்து அக்கா வண்டியை விட்டுவிட்டு ஏறி வந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தம்பதியிடம் திரும்பி, "ரொம்ப சரியா பண்ணிட்டீங்கம்மா. கல்லுல இப்பிடித்தான் எழுதிக்கீது" என்றார். அவர்கள் கும்பிட்டுவிட்டுச் சந்தோஷமாக இறங்கிப் போனார்கள்.

பிறகு என்னிடம், "ஏன் மூஞ்ச அப்பிடி வெச்சிக்கினு கீறே? எத்தினி நாளைக்கு வரும்?" என்றார்.

"ஏழு கொழந்தைக்கும் முழு நாளும் ஓட்டினா பத்து நாளு வரும். அவ்வளவுதான்க்கா."

"மிச்சம் புடிச்சா?"

"மிச்சம் புடிக்க முடியாது. சும்மா வெச்சாலும் அதே பத்து நாள்ல தீர்ந்துடும்."

"அப்ப நல்லதாப் போச்சு" என்றார் அக்கா. "ஒன் கைல குடுத்தா நீ பூட்டி வெப்பே. இத்த எப்பிடிப் பூட்டுவே?"

பழைய டூத் பிரஷ்ஷால் குங்குமத்தைத் தட்டித் துடைத்தோம். மஞ்சள் அடைத்துக்கொண்ட சில கெட்டுப்போயின. மற்றதை அன்றைக்கே ஏழு பேருக்கும் பிரித்துக் கொடுத்தார் டீச்சர்.

அந்தப் பத்து நாளும் நான் மிஷினை நிறுத்தவில்லை. நிறுத்துவதில் ஒரு லாபமும் இல்லை. என் வாழ்க்கையில் சேர்த்துவைக்க முடியாத ஒன்று கையில் வந்தது அதுதான் முதல் தடவை. கண் விழித்ததும் மாட்டுவேன், தூங்கிய பிறகுதான் எடுப்பேன். பவித்ரா குக்கர் விசிலைக் கேட்டாள். மாடு மூத்திரம் பெய்கிற சத்தத்தைக் கேட்டு அதைத் தேடிக்கொண்டு போனாள். அவள் அம்மா கம்பெனியிலிருந்து வந்து பக்கத்து வீட்டுக்காரியிடம் சூப்பர்வைசரைத் திட்டுவதை முழுவதும் கேட்டாள். பஸ்ஸில் கண்டக்டருக்கும் சில்லறை இல்லாதவருக்கும் சண்டை. சந்திரகிரியிலிருந்து திருப்பதி வரைக்கும் வாய் திறந்து கேட்டுக்கொண்டே வந்தாள். போகும்போதும் வரும்போதும் தொப்பி வண்டிக்கு அடியில் உட்கார்ந்து, அக்கா மொட்டைகளிடம் பேசுகிற அத்தனையையும் கேட்டாள். அதை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒரு நல்ல வார்த்தை காதில் விழ வேண்டுமே என்று டீச்சரிடம் கூடச் சொன்னேன். எந்த வார்த்தையானாலும் சரி என்றார் டீச்சர். பேச்சு மட்டும் வரவில்லை. பத்து நாள் தீரத் தீர எனக்கு ஜுரம் மாதிரி இருந்தது.

ஒன்பதாவது நாள். காலை பஸ்ஸில் அவள் சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்து ஊட்டப்போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்கு இட்லியும் அப்படியே இருந்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டதே என்று டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, அவளை இழுத்துக்கொண்டு வேகமாக வந்தேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் போண்டாக் கடையில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா தொப்பிகளை அடுக்கிக்கொண்டே, எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

"பவீ, துன்னியா?"

இதற்கு அவள் எப்போதும் தலையைத்தான் ஆட்டுவாள். அன்றைக்கு ஆட்டவில்லை. அக்காவைப் பார்த்தாள். போண்டாக் கடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, கரகரவென்று, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"துன்னல. நைனா... துன்னுட்ச்சி. எனுக்கு... இல்ல."

பேச்சு வந்துவிட்டது. அதில் வந்த நைனா நான்தான். அடுத்த நிமிடமே, பழக்க தோஷம், பதறிப்போய்ப் பையில் கை விட்டு டப்பாவை எடுத்துத் திறந்துவிட்டேன். "அய்யோ இல்லக்கா! பாருங்க, நாலும் அப்பிடியே கீது! நான் தொடவே இல்ல!"

அக்கா நான்கு இட்லியையும் பார்த்தார். பவித்ராவைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கி நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

"மூடு டப்பாவ" என்றார் மெதுவாக. "இட்லி வேணான்னா அழுவும், கைய காட்டும். இது ரெண்டும் பண்ணல பாரு. உக்காந்து யோசிச்சி, உன் மேல ஒரு பழியக் கட்டி, வாயால சொல்லுதுபா. மூடு, எவனாவது பாத்துடப் போறான்."

மூடினேன். அக்கா பவித்ராவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகப் போண்டாக் கடைக்குப் போனார். "ரெண்டு குடுப்பா. கொழந்தை காத்தாலருந்து பட்டினி. அதோட இட்லி அத்தினியும் இதோ இவன் துன்னுட்டானாம்" என்றார், பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற குரலில்.

போண்டாக்காரர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏமய்யா, பச்சக் கொழந்தை துன்றத நீ துன்னியா? மனுஷந்தானா நீ?" வரிசையில் நின்ற ஒரு அம்மா, "மூஞ்சப் பாரு, ஒண்ணும் தெரியாத மாதிரி" என்றாள். யாரோ ஒரு மொட்டைத் தலைப் பெரியவர், "நேத்துதான் மலைல இருந்து எறங்கிக்கீறோம், கண்ணால இத்தயெல்லாம் பாக்கணுமா" என்று வருத்தப்பட்டார்.

பை என் கையில் கனத்தது. சும்மா இருக்கும்போதே பயப்படுகிறவன் நான். நாலு பேர் திட்டினால் உள்ளது உள்ளபடி ஒப்பித்துவிடுவேன். டப்பா மூடி மேல் விரல் போய்விட்டது.

பவித்ரா போண்டாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. என் உதடு அவளுக்குத் தெரியாது. ஆனால் மென்றுகொண்டிருந்த வாய் பாதியில் நின்றிருந்தது. மிஷின் மாட்டிய காதை என் பக்கம் சாய்த்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றேன். அவளுக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "நாலையும் நான்தான் துன்னேன். சட்னிகூட மிச்சம் வெக்கல."